ஆறு முதல் ஆறு வரை

கேரளத்தில் ஹர்த்தால் என்று டி.வி.யில் ஓடினால் நாகர்கோவிலில் என் போன் அடிக்கும்.

“அத்தான், நாளைக்கு அம்மைக்கு மெடிக்கல் காலேஜ்ல செக்கப். போலாமா?”

“சித்தப்பா, பஸ்ஸு களியக்காவிளையோட நின்னுருமா, பாறசாலை வரைக்காவது போவுமா?”

இந்த ஹர்த்தால் நிபுணர் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதன் சும்மா இருக்கக் கூடாது. ஜோசியம் பார்க்க வேண்டும், அல்லது ஹோமியோபதி மருந்து கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டும் வராததால் இதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நிலம் சேர்ந்தது, சொந்தக்காரர்கள் சேரவில்லை. பாதிப்பேர் கேரளத்தில் கரமனை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். நெஞ்சு வலித்தால் ஸ்ரீசித்திரா, கட்டி என்றால் ஆர்.சி.சி., பையன் துபாய்க்குப் போனால் திருவனந்தபுரம் விமான நிலையம். ஆகவே அங்கே கடையை அடைத்தால் இங்கே வடசேரியில் வயிற்றைக் கலக்கும்.

ஹர்த்தாலைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நேரம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. இந்தக் கட்டுப்பாட்டை மட்டும் எல்லாக் கட்சிகளும் மதிக்கும். 5.55க்குப் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டுகிற அதே ஆள் 6.05க்கு வருகிற பஸ்ஸை மறிப்பான். (எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை. கல்யாணம், காதுகுத்துக்கு நான் மறுபடியும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.) பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, சபரிமலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அன்று ஓடுகிற கார்களின் முன்கண்ணாடியில் ‘ஆசுபத்திரி’, ‘விவாகம்’, ‘மரணம்’ என்று மலையாளத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். ரயில் பெரும்பாலும் ஓடும். திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிய நோயாளிகளை மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி.க்கும் கொண்டுபோகப் போலீஸ்காரர்களே வண்டி விடுவதுண்டு. நோயில்லாதவர்கள் பெட்டியின்மேல் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் செங்கல் சுருளாக மேலே ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காபியை எதிர்பார்க்க வேண்டாம்.

1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்சிகள் தீர்ப்புக்குத் தலைவணங்கின. அதன்பிறகு பந்தே கிடையாது, எல்லாம் ஹர்த்தால். 2018இல் உள்ளூர், மாவட்டம், மாநிலம் என்று எல்லாம் சேர்த்து 97 ஹர்த்தால் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி நடந்ததுதான் விசேஷம். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, எந்தத் தலைவரும் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு செய்தி போட, வடக்குக் கேரளத்தில் பல ஊர்களில் கடையை அடைத்து, பஸ்ஸை மறித்து, கல்லும் எறிந்துவிட்டார்கள். நான் வாட்ஸ்அப்பில் ‘நாளை காலை வாக்கிங் போகலாமா’ என்று போட்டால் மொட்டைமாடி வரைக்கும் துணைக்கு வர ஆளில்லை.

1919 ஏப்ரல் 6ஆம் தேதி ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தி கேட்டதும் ஹர்த்தால்தான். அவரவர் தம் கடையைத் தாமே அடைத்து, உண்ணாவிரதம் இருந்து, பிரார்த்தனை செய்யச் சொன்னார். அடுத்தவன் கடையை அடைப்பதில் உள்ள சௌகரியம் அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை.

எனக்குப் போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “தகராறு என்ன?” என்பது. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதற்குச் சமமான கேள்வி இது. இரண்டு மாநிலச் சண்டை என்றால் வண்டி நம்பர்தான் குற்றவாளி. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளிப் பாதையில் அப்படித்தான் நடந்தது. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி காவிரித் தகராறில் பெங்களூருவில் ஒரே பணிமனையில் நின்ற தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் நாற்பதுக்கு மேல் எரிந்தன. அந்த மாதிரி நாளில் டி.என். போர்டு வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. எல்லைக்கு இந்தப்பக்கம் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்து நடந்து, அந்தப்பக்கம் அந்த ஊர் வண்டி ஏறலாம். பெங்களூருப் பாதையில் எல்லையான ஜூஜூவாடியில் சனங்கள் அப்படித்தான் நடந்து கடந்தார்கள். ஹர்த்தாலில் டி.என்.74க்கும் கே.எல்.01க்கும் பேதமில்லை. ஓடுவதுதான் குற்றம். தலைவர் யாராவது இறந்துபோனாலோ கைதானாலோ நம்மூரில் வருவது மூன்றாவது வகை. அதற்கு நேரமும் கிடையாது, விலக்கும் கிடையாது. இருந்த இடத்திலேயே இருந்துவிட வேண்டும். அது ஆகாத சம்பந்தி வீடாக இருந்தாலும் சரி.

அடுத்தது, எங்கே உட்காருவது. கல் பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். பஸ்ஸின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது. கீறல் விழும், உதிராது. பக்கக் கண்ணாடி இருந்தால் அது உப்புக்கல்லாய்ப் பொலபொலவென்று மடியில் கொட்டும். ஆகவே நடுவரிசை, உள்பக்க இருக்கை, ஷட்டரை இறக்கிவிடு என்பேன். சொல்கிற நான் சின்ன வயசிலிருந்து டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டுக்காகச் சண்டை போடுகிறவன். இன்னொன்றும் பார்ப்பேன். 2000 பிப்ரவரியில் தருமபுரியில் கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸில் ஏறினாலும் அவசர வழி எங்கே, அதன்மேல் யார் மூட்டை வைத்திருக்கிறார்கள் என்று என் கண் தானாகப் போகிறது. மூட்டைக்காரரோடு சண்டையும் வரும். அது ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

செல்போனில் படம் எடுக்கக் கூடாது. எறிகிறவனுக்குத் தன் கையில் கல் இருப்பது உறுத்தாது, தன் முகம் உங்கள் போனில் இருப்பது உறுத்தும். தூரத்தில் டயர் புகை தெரிந்தால் ‘பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம், வந்த வழியே திரும்பு. கையில் சில்லறைப் பணம், தண்ணீர், ஒரு நாள் கூடுதலாக மாத்திரை. நியாயம் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது உள்ளே இருந்து என் மனைவி பலமாக இருமுவாள்.

2022 செப்டம்பர் 23ஆம் தேதி ஹர்த்தாலில் கேரள அரசு பஸ் டிரைவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். பைக் ஓட்டுகிறவனுக்கு ஹெல்மெட் மாட்டப் போலீஸ்காரர்கள் படுகிற பாடு நமக்குத் தெரியும். அன்று நாலு சக்கரத்துக்காரர்கள் தாங்களாகவே மாட்டிக்கொண்டார்கள். அன்றைய சேதத்துக்காக, ஹர்த்தாலை அழைத்த அமைப்பு 5 கோடியே 20 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் உடனே என் ஹெல்மெட்டைத் துடைத்துப் பயணப் பையில் வைத்தேன்.

“ஸ்கூட்டர்ல போம்ப போடச் சொன்னா வேர்க்குதும்பிய. பஸ்ஸுல போட்டா வேர்க்காதோ?” என்றாள் அவள்.

என் நிபுணத்துவம் முழுமையாகப் பரீட்சைக்கு வந்தது அவளுடைய தம்பி மகள் கல்யாணத்தில். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதற்கு முந்தைய காலம் அது. ராத்திரி ஒன்பது மணிச் செய்தியில் சொல்வார்கள், விடிந்தால் அமல். கல்யாணம் கரமனையில், முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல். மாப்பிள்ளை வீட்டார் செய்தி கேட்டதும் ராத்திரியே பஸ் பிடித்து வந்து மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துவிட்டார்கள். சமையல்காரர்கள் முன்பே வந்துவிட்டார்கள். பாக்கி நாங்கள்தான்.

“விடியுமுன்ன ரயில்ல போயிருவோம்,” என்றாள் மனைவி.

நான் சிரித்தேன். குத்துவிளக்கு இருக்கிறது, நேந்திரங்குலை இருக்கிறது, மூட்டுவலிப் பெரியம்மை இருக்கிறாள். இவற்றை ரயிலில் ஏற்றி இறக்குவது ஆகிற காரியமா? என்னிடம் திட்டம் இருந்தது. காரில் மூன்று மணிக்குக் கிளம்புகிறோம். நாலேகாலுக்கு எல்லையில் களியக்காவிளையைத் தாண்டுகிறோம். ஆறு மணிக்கு ஹர்த்தால் தொடங்கும்போது மண்டபத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டரைக்கே எழுந்துவிட்டேன். பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆரம்பித்தேன்.

முதலில் வேட்டி. எங்கள் பக்கத்தில் வேட்டிக் கரைக்குக் கட்சி உண்டு. பீரோவைத் திறந்தால் சிவப்புக் கரை. அதைக் கட்டினால் ஒரு கூட்டம் அடிக்கும். காவிக் கரை, அதற்கு இன்னொரு கூட்டம். பச்சைக் கரை, மூவர்ணக் கரை, நீலக் கரை என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்தெந்த ஊர் முக்கில் எந்தக் கட்சி பலம் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, திருப்பி வைத்தேன். கரையே இல்லாத வேட்டி ஒன்று அடியில் இருந்தது.

“அது எங்கப்பா கருமாதிக்கு எடுத்தது. அதக் கட்டிட்டுக் கல்யாண வீட்டுக்கு வாறியளா?”

கடைசியில் அவளே கை நீட்டி ஒரு ஜரிகைக் கரை வேட்டியை உருவிக் கட்டிலில் போட்டாள். தங்க நிறத்தில் இதுவரை எந்தக் கட்சியும் கொடி ஏற்றவில்லை. மணி மூன்றரை.

அடுத்து, கார். பின்கண்ணாடிக்கு உள்பக்கமாக ஜமக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டேன். தலையணைகளை ஜன்னலோரம் அடுக்கினேன். பஞ்சு, டிங்சர், டார்ச்சு, கயிறு. கயிறு எதற்கு என்று பெரியம்மை கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, ஆனால் ஆபத்துக் காலத்தில் கயிறு வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம். அவளைக் கட்டுவதற்கில்லை என்று சமாதானம் சொல்லி உட்காரவைத்தேன்.

பிறகு, அறிவிப்புத் தாள். ‘விவாகம்’ என்பதை மலையாளத்தில் ‘விவாஹம்’ என்று எழுத வேண்டும். எனக்கு மலையாளம் பேசினால் பாதி புரியும். எழுத்து, சினிமா சுவரொட்டி பார்த்துப் பழகியது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் வரைந்து, இருட்டிலேயே முன்கண்ணாடியில் ஒட்டினேன். எட்டி நின்று பார்த்தேன். அச்சு அசல் கேரளக் கல்யாண வண்டி.

கிளம்பும்போது மணி நாலே முக்கால். தக்கலை தாண்டி ஒரு சரக்கு லாரி வழியை விடவில்லை. மார்த்தாண்டத்தில் பெரியம்மைக்குச் சாயா. குழித்துறைப் பாலத்தில் கிழக்கு வெளுத்தது. களியக்காவிளைக்குப் போனால் நம்மூர் அரசு பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன, டிரைவர்கள் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். மணி ஆறு ஐந்து.

“ரயிலு இப்பம் தம்பானூர் போயிருக்கும்,” என்று மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லாததுதான் வலித்தது.

பாறசாலைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு தென்னந்தடி கிடந்தது. பக்கத்தில் டார் டப்பா, அதன்மேல் கொடி, சுற்றி ஏழெட்டுப் பையன்கள். நான் விதிப்படி காரைத் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன். பேச்சைக் குறைக்க வேண்டும். தலைவனாகத் தெரிந்தவன் குனிந்தான்.

“எவிடெக்கா சாரே?”

நான் ஒன்றும் சொல்லாமல் கம்பீரமாகத் தாளைக் காட்டினேன். அவன் படித்தான். நெற்றியைச் சுருக்கி மறுபடியும் படித்தான்.

“விவாதமோ?”

“ஆமா, விவாதம்,” என்றேன். மலையாளிகள் அப்படித்தான் உச்சரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“எவிடெ?”

“கரமனையில். ஒன்பதரைக்கு மேல்.”

“ஆரு தம்மில்?”

“பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்.”

அவன் நிமிர்ந்து மற்றவர்களைக் கூப்பிட்டான். எல்லாரும் வந்து தாளைப் படித்தார்கள். ஒருவன் தென்னந்தடிமேல் உட்கார்ந்துவிட்டான், நிற்க முடியாமல். அப்போதுதான் என் மனைவி காரைவிட்டு இறங்கி முன்னால் வந்து பார்த்தாள். குழித்துறையில் சின்ன வகுப்பில் மலையாளம் படித்தவள். ‘ஹ’ போட வேண்டிய இடத்தில் நான் அதற்குச் சித்தப்பா மகனான வேறொரு எழுத்தைப் போட்டிருக்கிறேன். ‘விவாதம்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டுதான் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம்.

“கல்யாணந்தான் பிள்ளே. இவிய எழுதினது அப்பிடி ஆயிப்போச்சு,” என்றாள் அவள். “எங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்.”

தடியை இரண்டு பேர் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஒருவன் என்னிடம் ஸ்கெட்ச் பேனா கேட்டு, எழுத்தைத் திருத்தி, கீழே பூ ஒன்றும் வரைந்து கொடுத்தான். பெரியம்மை ஜமக்காளத்துக்குப் பின்னாலிருந்து, “வழி விட்டாச்சா? அப்பம் கயிறு வேண்டாமா?” என்று கேட்டாள். பாலராமபுரம் வரைக்கும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாள். கரமனை ஆற்றுப்பாலம் தாண்டியும் நிற்கவில்லை.

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. பரிமாறுகிறவர்கள் வரவில்லை. மச்சினன் என்னைப் பார்த்ததும் கண்கலங்கி, கட்டிப்பிடித்து, கையில் பருப்பு வாளியைக் கொடுத்தான். அவியலும் எரிசேரியும் ஓலனும் போட்டு முடித்து நிமிர்ந்தபோது என் ஜரிகைக் கரையில் எல்லா நிறமும் ஏறியிருந்தது. எண்ணூறு பேருக்கு வைத்த அடைப்பிரதமனை முந்நூறு பேர் குடித்தோம். மிஞ்சிய போளியை இலையில் கட்டி, வந்தவர்கள் எல்லாருக்கும் வற்புறுத்திக் கொடுத்தார்கள்.

நாலு மணிக்கே கிளம்பலாம், இப்போதுதான் நமக்கு ஆள் பழக்கம் ஆகிவிட்டதே என்றேன். “ஆறு அடிக்கட்டு,” என்று அவள் கார்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆறு அடித்தது. ஊரே ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தது. களியக்காவிளை சேர ஏழரை ஆகிவிட்டது.

ஹர்த்தால் நாளில் களியக்காவிளை பொரோட்டாக் கடைகளுக்குத் திருவிழா. அந்தப்பக்கம் ஆறு மணிக்குக் கதவு திறந்தாலும் அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, ஏதாவது இலையில் விழ ஒன்பது ஆகும். அதனால் சனங்கள் எல்லை தாண்டி இந்தப்பக்கம் வந்து சாப்பிடுவார்கள். பெரியம்மைக்குச் சாயா வாங்க இறங்கினேன். பெஞ்சு முழுக்க ஆள். ஓரத்தில் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

“விவாதம் சாரே! இரிக்கு, இரிக்கு.”

அவன்தான். இலையில் அடுக்கிய பொரோட்டாவும் சால்னாவுமாக இருந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அடைத்த கடைகளில் அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையும் ஒன்று. காந்தி கேட்ட உண்ணாவிரதத்தை எப்படியோ நிறைவேற்றியிருக்கிறான். மனைவி காரிலிருந்தே அவனைப் பார்த்துவிட்டாள். போளிப் பொட்டலத்தோடு வந்து நாலு போளியை அவன் இலையில் வைத்தாள்.

“பிள்ளே, அடுத்தது எப்பம்? எங்க மூத்தவளுக்குச் சித்திரையில வளைகாப்பு. நெய்யாற்றின்கரையிலதான்.”

அவன் இடது கையால் போனை எடுத்தான்.

“தேதி பறஞ்ஞோ சேச்சி. நோக்காம்.”

அவள் சொன்னாள், அவன் குறித்துக்கொண்டான். பொரோட்டாவுக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.